குமுதவல்லியில் போட்ட ஸ்லைடு

திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணத்துக்கு இடம் பிடித்துவிட்டு வந்து முகிலன் சொன்னபோது, அவன் அம்மா கங்கையம்மாள் வாசல் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகன் எவ்வளவு ஆசையாகச் சொன்னானோ அவ்வளவு நிதானமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றுதான் ஆட்டினாள்.

"ஒங்கப்பாவுக்கு எம்பது ஆவுதுன்னா நல்லதுதான். கூட்டிகினு போ, மாலைய போடு, போட்டோ புடி. நான் வரல. அந்த ஆளு பக்கத்துல மணையில குந்த மாட்டேன்."

"அம்மா, நீ வரலன்னா அப்பா யாருக்கும்மா தாலி கட்டுவாரு?"

"யாருக்குனா கட்டட்டும். என்னை பொய்க்காரின்னு சொன்ன வாய் அது. சொன்னது தப்புன்னு சொல்லட்டும், அப்பால பாக்கலாம்."

அறுபதாம் கல்யாணம் வந்தபோதும் இதே பேச்சுதான். எழுபது வந்தது, அதற்கும் இதேதான். மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டுக்கு அத்தனை பேரை மேய்க்கிற முகிலனுக்கு, வீட்டில் இருக்கிற இரண்டு கிழங்களை மேய்க்க முடியவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு லோகநாதனும் கங்கையம்மாளும் நேருக்கு நேர் பேசி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகள் வழியாகப் பேசிக்கொள்வார்கள். யாரும் இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் வழியாக. "கொழம்பு கீது, சோறு கீது, வேணுங்கறவங்க போட்டுகலாம்" என்று அவள் ஃப்ரிட்ஜிடம் சொல்வாள். "மோரு இல்லியா?" என்று அவர் ஜன்னலிடம் கேட்பார். அப்படியிருந்தும் முகிலனுக்குப் பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது எப்படி என்று அவர்கள் இருக்கிற ராஜகீழ்ப்பாக்கத்துப் பெண்கள் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "பேச்சுதாண்டி இல்ல" என்பாள் கங்கையம்மாள், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

இத்தனைக்கும் இவர்கள் அந்நியத்தில் கட்டிக்கொண்டவர்கள் இல்லை. லோகநாதன் அவளுடைய சொந்த அத்தை மகன். பாவாடை கட்டிய நாளிலிருந்து மாமா, மாமா என்று பின்னாலேயே சுற்றியவள்தான். அந்த "மாமா" ஒரு மத்தியானத்தோடு நின்றுபோனது. நிறுத்தி வைத்தது குமுதவல்லி தியேட்டர்.

குமுதவல்லி என்றால் இப்போது யாருக்குத் தெரிகிறது? வேளச்சேரி ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் "கும்தா, கும்தா இறங்கு" என்று கத்துகிறான். கும்தா என்றால் என்ன என்று அவனைக் கேட்டுப் பாருங்கள், முழிப்பான். தியேட்டர் இருந்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடிக்கு, கட்டினவன் பழைய பெயரையே போனால் போகிறது என்று வைத்து, பின்னால் "என்கிளேவ்" என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டான். மற்றபடி ஒரு செங்கல் மிச்சமில்லை.

முதலில் அது கீற்றுக் கொட்டகைதான். பிறகுதான் சுவர் எழுப்பி ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். சுவர் வந்த பிறகும் சனங்கள் கொட்டாய் என்பதை விடவில்லை. முன்னால் மணல், நடுவில் பெஞ்சு, கடைசியில் மூட்டைப்பூச்சியோடு சேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்பதற்கு அடையாளமாகக் கூம்பு ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டுப் போட்டால், அந்தப் பக்கம் செம்பாக்கம் வரைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். சுற்றிலும் அப்போது நெல் வயல். இப்போது வயலை விற்றவர்கள் வீட்டில் கார் நிற்கிறது, அது வேறு கதை.

கங்கையம்மாளுக்கு அந்த மத்தியானம் நேற்று மாதிரி ஞாபகம் இருந்தது. காலையில் நன்றாகத்தான் இருந்தாள் அத்தை. கேழ்வரகு புடைத்துக்கொண்டே இருந்தவள், முறத்தோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மணி ஓடிவந்து தூக்கிப் படுக்க வைத்தாள். சேலையூரிலிருந்து டாக்டர் வந்து நாடி பார்த்தார். பார்த்துவிட்டு மருந்தெதுவும் எழுதவில்லை. "பையன் எங்கம்மா? வரச் சொல்லுங்க" என்றார். பையன் குமுதவல்லியில் மேட்னி பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைகள் எல்லாம் அறுப்புக்குப் போயிருந்தார்கள். கங்கையம்மாள் முகிலனை அம்மணியின் இடுப்பில் திணித்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் ரோடோடு ஓடினாள்.

தியேட்டருக்குள்ளே போய் ஆண்கள் பக்கம் இருட்டில் துழாவவா முடியும்? அதற்கெல்லாம் ஸ்லைடுதான் வழி. ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கவுண்டரில் சொல்ல வேண்டும். மை பூசிய கண்ணாடித் துண்டில் ஊசியால் கீறி எழுதி, படத்தை நிறுத்தித் திரையில் போடுவார்கள். இன்னார் உடனே வெளியே வரவும் என்று வந்தால், அந்த இன்னார் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவார். கங்கையம்மாள் கவுண்டரில் இருந்தவரிடம் சொன்னாள். அவர் எழுதினார். அவள் கேட் பக்கம் நின்றாள். உள்ளே படம் நின்றது, சனங்கள் விசில் அடிப்பது கேட்டது, சிரிப்பதும் கேட்டது. "போட்டாச்சும்மா" என்றான் கேட்காரன். மறுபடியும் போட்டார்கள். யாரும் வரவில்லை. அத்தையை அப்படியே போட்டுவிட்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது? திரும்பி ஓடினாள்.

லோகநாதன் படம் விட்டுத்தான் வந்தார். அதற்குள் வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். "பொண்டாட்டி வந்து ஸ்லைடு போட்டும் எந்திரிச்சு வராம படம் பாத்துட்டு வர்றான் பாரு, புள்ள" என்று யாரோ அவர் காதுபடச் சொன்னார்கள். மனுஷன் நடுவாசலில் நின்று, பிணத்தை வைத்துக்கொண்டு, ஊரைப் பார்த்துச் சொன்னார். "எவ சொன்னா? எனக்கு ஒரு ஸ்லைடும் வரல. எம்பேரு வந்தா எனக்குத் தெரியாதா? இவ கொட்டாய் பக்கமே வந்திருக்க மாட்டா. மாமியா செத்தா போதும்னு வூட்லயே குந்திகினு இருந்திருப்பா."

அந்தக் கடைசி வார்த்தைதான். அத்தை அவளுக்கு மாமியாரா? பெறாத தாய். அவளைப் போய் இப்படிச் சொன்ன பிறகு அந்த மனிதனோடு என்ன பேச்சு? எழவு நேரத்துக் கோபம், வாய்தவறி வந்தது என்று பிற்பாடு பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். "ஸ்லைடு வந்துச்சுன்னு ஒத்துக்கட்டும்" என்றாள் அவள். "வராத ஸ்லைட எப்படி வந்துச்சும்பேன்?" என்றார் அவர். இரண்டு பேரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். படம் பார்த்த ருசியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பழியை என் மேல் போடுகிறார் என்று அவள் நினைத்தாள். எங்கம்மாவைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்துவிட்டாளே என்று அவர் நினைத்தார். சாட்சி கேட்டுக் கொட்டாய் கவுண்டருக்குப் போக இரண்டு பேருக்கும் ரோஷம் விடவில்லை. கேட்காரன் அடுத்த வருஷமே எங்கோ போய்விட்டான். பிறகு தியேட்டரும் போய்விட்டது.

இது இப்படியே கிடந்திருக்கும். பத்ரிநாராயணன் வந்து அழைப்பு மணியை அடிக்காமல் இருந்திருந்தால்.

பத்ரிநாராயணன் என்கிளேவில் இரண்டாவது மாடி. பாங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர், அசோசியேஷன் செக்ரட்டரி, சும்மா இருக்கத் தெரியாதவர். லிஃப்ட் ரிப்பேரிலிருந்து ஏரி சுத்தம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் மீட்டிங் போடுவார். இந்தத் தடவை அவருக்கு வந்த யோசனை, நாம் குடியிருக்கும் இடத்தின் கதை என்று ஒரு கூட்டம்.

"எங்க பசங்க குமுதவல்லின்னா பில்டரோட அம்மா பேருன்னு நினைச்சிண்டிருக்கா, மாமி" என்றார் கங்கையம்மாளிடம். "தியேட்டர்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறா. அதான், அந்தக் காலத்துல படம் பார்த்தவா எல்லாரையும் கூப்பிடறோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம். நீங்களும் சாரும் அவசியம் வரணும்."

"கொட்டாய பத்தி பேச எங்க வூட்ல யாரும் இல்ல சார்" என்றாள் கங்கையம்மாள் வெடுக்கென்று.

"அப்படிச் சொல்லாதீங்கோ. அங்கே மேனேஜரா இருந்தவரே வரார். சவுரிமுத்துன்னு பேரு. பல்லாவரத்துல பொண்ணு வீட்ல இருக்கார். முதல்ல டிக்கெட் கவுண்டர்ல இருந்தாராம். இந்த ஸ்லைடு எழுதறதுகூட அவர்தானாம்."

கதவைச் சாத்தப் போன கங்கையம்மாள் நின்றுவிட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோடவா கீறாரு?"

"நன்னா இருக்கார். காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்."

பத்ரிநாராயணன் போனதும் அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினாள். ஆனால் சொன்னது முகிலனிடம், அதுவும் பக்கத்து அறையில் பேப்பர் படிக்கிறவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி. "ஸ்லைடு எழுதின ஆளு வர்றாராம். ஆமா, இந்தம்மா வந்துச்சு, சொல்லுச்சு, நான் போட்டேன்னு அவுரு சபையில சொல்லட்டும். ஒங்கப்பா காதால கேக்கட்டும். அப்பால திருக்கடையூர் இன்னா, காசிக்கே வர்றேன்."

உள்ளேயிருந்து பேப்பர் மடக்கும் சத்தம் கேட்டது. "அவுரு இல்லன்னு சொல்லிட்டா?" என்று லோகநாதன் ஜன்னலைக் கேட்டார்.

"சொல்லிட்டா, நான் பொய்க்காரின்னே இருந்துட்டு போறேன். இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"வர்றேன்னு சொல்லுடா ஒங்கம்மாவாண்ட" என்றார் அவர்.

முகிலனுக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து ஒரு கிழவருக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் இருக்குமா? "பேஜாரா போச்சு" என்று அவன் மனைவியிடம் சொன்னான். கங்கையம்மாளுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஞாபகமில்லை என்று அவர் சொல்லிவிட்டால், இனிமேல் இந்த உலகத்தில் அவள் பக்கம் பேச ஒரு ஆள் கிடையாது. மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்கிளேவின் கீழ்த்தளத்து ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பத்ரிநாராயணனின் மனைவி வேதா சுண்டலும் காபியும் கொடுத்தாள். கங்கையம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். லோகநாதன் கடைசி வரிசையில், வாசல் ஓரமாக. இந்த மண்ணை மிதித்து அவருக்கும் நாற்பது வருஷம் ஆகிறது. அம்மா போன பிறகு அவர் எந்தத் தியேட்டருக்கும் போனதில்லை, டிவியில்கூட ஒரு படத்தை முழுசாகப் பார்த்ததில்லை.

சிட்லபாக்கத்திலிருந்து வந்திருந்த ஸ்ரீவித்யா என்கிற டீச்சர் முதலில் பேசினாள். அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் காற்றில் வசனம் வருமாம். படமே பார்க்காமல் அத்தனை படத்தின் வசனமும் தனக்கு மனப்பாடம் என்றாள். அடுத்ததாக ஒருவர், திரை கிழக்கே இருந்தது, இப்போது கார் நிறுத்துமிடம் இருக்கிற பக்கம் என்றார். இல்லை, மேற்கே என்று இன்னொருவர் எழுந்தார். நல்ல வேளையாக பத்ரிநாராயணன் மைக்கைப் பிடுங்கி சவுரிமுத்துவிடம் கொடுத்தார்.

சவுரிமுத்து குள்ளமான மனிதர். மீசைக்கு மட்டும் மை அடித்திருந்தார். காதில் மெஷின். மைக் கைக்கு வந்ததும் பத்து வயது குறைந்துபோயிற்று அவருக்கு. தீபாவளிக் கூட்டத்தில் கேட் உடைந்தது, மழையில் ஒழுகியபோது சனங்கள் குடை பிடித்துக்கொண்டு படம் பார்த்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட, ஹால் சிரித்து உருண்டது. கங்கையம்மாளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. எழுந்து நின்று கேட்டுவிடலாமா என்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்லைடு சமாசாரம் கேட்டார் செக்ரட்டரி சார்" என்றார் சவுரிமுத்து. "ஸ்லைடுன்னா எனக்கு ஒண்ணுதான் ஞாபகம் வரும். இன்னிக்கு நெனச்சாலும் சிரிப்புதான். ஒருநாள் மேட்னி. படம் பாதி போய்ட்டுது. ஒரு பொண்ணு ஓடியாந்துது, ரோட்டு புழுதி பூரா காலுல. 'எங்க வூட்டுக்காரர கூப்புடணும், அவுங்கம்மாவுக்கு முடியல'ன்னுது. சரிம்மா, பேரு இன்னான்னேன். தரைய பாக்குது. யம்மா, பேரு சொன்னாத்தானே எழுத முடியும்? மூச்சு இல்ல. அந்தக் காலத்து பொம்பளைங்க புருஷன் பேர வாயால சொல்ல மாட்டாங்க, தெரியுமில்ல?"

ஹாலில் பெண்கள் சிரித்தார்கள். கங்கையம்மாள் முறுக்கின முந்தானையை விட்டாள். சந்தோஷம், வேறெதுவும் இல்லை. புழுதிக்காலோடு ஓடிப்போனது அவள்தான். கேட்டுக்கோ என்கிற மாதிரி திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். லோகநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் உடல" என்றார் சவுரிமுத்து. "சரி, சொல்ல வேணாம், ஜாடையா சொல்லும்மான்னேன். கொஞ்சம் யோசிச்சுது. 'ஒலகத்துக்கே நாதரு'ன்னுது. இது போதாதா எனக்கு? அப்ப எனக்கு கல்யாணம் ஆவல, பெரிய மூளைக்காரன்னு நெனப்பு. புரிஞ்சுபோச்சு, நீ கவலப்படாதம்மான்னுட்டு ஊசிய எடுத்து எழுதினேன். ஒடம்பு சரியில்ல, சாவு, இதெல்லாம் ஸ்லைடுல எழுதக்கூடாதுன்னு ஓனர் கண்டிஷன், சனங்க கலவரமாயிடும்னு. அதால என்ன எழுதினேன்? 'ஜெகநாதன் உடனே வெளியே வரவும். மனைவி வாசலில் காத்திருக்கிறார்.' போட்டோமா, ஒரே விசிலு! 'ஜெகநாதா, போய்யா, மாட்டிகினியா'ன்னு பெஞ்சுல கத்துறானுங்க. ரெண்டு தபா போட்டோம். எவனும் எந்திரிக்கல. அந்த ஜெகநாதன், பாவம், பொண்டாட்டியாண்ட பொய் சொல்லிட்டு வேற எங்கியோ போயிருந்தான் போல!"

ஹாலே சிரித்தது. வேதா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

கங்கையம்மாள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜெகநாதன் என்ற சொல் அவள் காதில் விழுந்து, உள்ளே போக வெகுநேரம் பிடித்தது. ஜெகம் என்றாலும் உலகம்தான். லோகம் என்றாலும் உலகம்தான். அவளுக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பரைத்தான் படிப்பாள். அன்றைக்கு அந்தக் கண்ணாடித் துண்டை அவள் கண்ணெதிரேதான் எழுதினார்கள். அதில் என்ன எழுதியிருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளே, நியாயம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மனிதன் பக்கமும் அதே அளவுக்கு இருந்திருக்கிறது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இது அவள் எதிர்பாராத அடி.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. லோகநாதன் எழுந்து நின்றார்.

"அந்த ஸ்லைட நான் பாத்தேன்" என்றார். மைக் இல்லாமலே கேட்டது. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"பெஞ்சுல குந்திகினு இருந்தேன். பக்கத்துல என் சிநேகிதன். ஜெகநாதன்னு வந்துது. அவன் கத்துனான், போய்யான்னு. நானும் சிரிச்சேன். நல்லா சிரிச்சேன்." அவர் சவுரிமுத்துவைப் பார்த்தார். "எம்பேரு லோகநாதன் சார்."

சவுரிமுத்து காது மெஷினைத் திருகினார். "இன்னா சொல்றாரு?" என்று பத்ரிநாராயணனைக் கேட்டார். பத்ரிநாராயணன் வேதாவைப் பார்த்தார். வேதாதான் கிழவர் காதுக்குக் குனிந்து, அந்தப் பெயரை மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோனது. மைக்கை மடியில் வைத்துவிட்டார்.

"ஒங்க அம்மாவுக்கு... அப்பால ஒடம்பு தேறிச்சா?" என்று கேட்டார்.

"அன்னிக்கே போயிட்டாங்க" என்றார் லோகநாதன்.

சவுரிமுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கங்கையம்மாள் முன்னால் வந்து நின்றார். கும்பிடவா, என்ன சொல்ல என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. அவளுக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. யார் மேல்தான் கோபப்படுவது? அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள். "ஒதவிதான் செஞ்சீங்க. ரெண்டு தபா போட்டீங்களே. குந்துங்க, காபி ஆறுது."

முகிலன் காரை எடுத்துவரப் போனான். கங்கையம்மாளும் லோகநாதனும் என்கிளேவ் வாசலில் செக்யூரிட்டிக்காரனுக்குப் போட்டிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்கள். ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்று ஆள் இறக்கிவிட்டுப் போனது.

"எம்பேர சொல்லி இருந்தா இன்னா கொறஞ்சு போயிருக்கும்?" என்றார் லோகநாதன். ஜன்னலும் ஃப்ரிட்ஜும் அங்கே இல்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இருந்தது.

கங்கையம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "ஒங்க ஆயுசு கொறஞ்சு போயிருக்கும்" என்றாள்.

"எவ சொன்னா அப்படி?"

"அத்தைதான் சொல்லிச்சு. கண்ணாலம் ஆயி வந்த அன்னிக்கே, வெளக்கேத்த சொல்லோ, பக்கத்துல குந்தவச்சு சொல்லிச்சு. 'எம்புள்ள பேர வாயால சொல்லாதடி கங்கா, அவன் ஆயுசு கொறஞ்சிடும்'னு. எங்கையில அடிச்சு சத்தியம் வாங்கிச்சு. அத்தை சாவக் கெடக்க சொல்லோ அத்தைக்கு குடுத்த சத்தியத்த எப்படி மாமா மீறுவேன்?"

லோகநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். தன் மகன் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அம்மா போட்ட கட்டுதான், அந்த மகனைக் கடைசி நேரத்தில் அவளிடம் வரவிடாமல் நிறுத்தியிருக்கிறது. யாரைக் குறை சொல்வார்? தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பார்த்தால் சிரிக்கவும் சிரித்தார், இரண்டும் சேர்ந்து வந்தது.

"பலிச்சிடுச்சு பாருங்க" என்றாள் அவள். "எம்பது ஆவுது."

"ஆமா, ஆவுது" என்றார் துண்டுக்குள்ளிருந்து. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அன்னிக்கு வாசல்ல அப்படி பேசியிருக்கக் கூடாது. மாமியா செத்தா போதும்னு... அது ரொம்ப தப்பு கங்கா" என்றார்.

இதைக் கேட்கத்தான் அவள் காத்திருந்தாள். எப்போதாவது கேட்டால் இன்னது இன்னது சொல்ல வேண்டும் என்று வீடு பெருக்கும்போதும் மீன் கழுவும்போதும் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கடேசில அம்மாவுக்கு நெனவு இருந்துச்சா?" என்று கேட்டார் லோகநாதன். இத்தனை வருஷத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. யாரிடம் கேட்பார்?

"இருந்துச்சு."

"எதுனா சொல்லிச்சா?"

அவள் கையைப் பிசைந்தாள். ரோட்டைப் பார்த்தாள். அத்தை சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதை இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அது அவருடையது. அவருக்குக் கொடுக்காமல் தான் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நான் கொட்டாய்ல இருந்து திரும்பி ஓடியாந்தனா, காலடி சத்தம் கேட்டு கண்ண தொறந்துச்சு" என்றாள். "தொறந்து..."

"ஊம்."

"'லோகு வந்துட்டானா'ன்னு கேட்டுச்சு மாமா. வந்துகினே கீறாருன்னு சொன்னேன்."

தன் பெயரை மனைவியின் வாயில் லோகநாதன் கேட்பது அதுதான் முதல் தடவை. முகிலனின் கார் வந்து ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

கங்கையம்மாள் சொன்னாள்.